1932 ஃபோர்ட் ஹாட் ராட்: டை ராடு விஷ்போனில் உரசுகிறது, டிராக் லிங்க் ஆயில் சம்ப்பில் முட்டுகிறது

எட்டுசிலிண்டர் (கேள்வி):

வணக்கம். 1932ஆம் ஆண்டு ஃபோர்ட் ஒன்றை ஹாட் ராடாக (பழைய காரை வேகத்துக்காக மாற்றிக் கட்டும் வண்டி) கட்டிக்கொண்டிருக்கிறேன். பழைய பிளாட்ஹெட் வி8 எஞ்சின் இருந்த இடத்தில் இப்போது ஃபோர்டின் 302 கன அங்குல வி8 எஞ்சின் இருக்கிறது. முன்பக்கத்தைத் தாழ்த்துவதற்காக நான்கு அங்குலம் இறக்கிய ஐ-பீம் ஆக்ஸிலைப் (I வடிவக் குறுக்குவெட்டுள்ள ஒற்றை அச்சு; சக்கர முனைகளைவிட நடுப்பகுதி தாழ்ந்திருக்கும்) போட்டு, ஆக்ஸிலைப் பின்னாலிருந்து பிடித்திருக்கும் V வடிவ விஷ்போனை நடுவில் பிளந்து, அதன் பின்முனைகளை இருபுறச் சேசிஸ் சட்டங்களிலும் பொருத்தியிருக்கிறேன். ஸ்டீயரிங்குக்கு, இவ்வகை வண்டிகளில் பலரும் போடும் செவர்லே வேகா காரின் ஸ்டீயரிங் பெட்டியை இடது சட்டத்தின் உட்புறத்தில் வைத்து, பெட்டியின் அசைவைச் சக்கரத்துக்குக் கடத்தும் டிராக் லிங்க்கை வலது சக்கரம் வரை குறுக்காகக் கொண்டுசென்றிருக்கிறேன்.

சக்கரம் நேராக நிற்கும்போதே, இரு முன் சக்கரங்களையும் இணைக்கும் டை ராடுக்கும் விஷ்போனுக்கும் இடையில் மயிரிழை இடைவெளிதான் இருக்கிறது. ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்தால் இரண்டும் உரசுகின்றன. விஷ்போன் காலின் அடிப்புறத்தில் பெயின்ட் சுரண்டப்பட்டு, நகத்தளவுக்கு இரும்பு பளபளக்கிறது. ஆக்ஸிலை ஜாக்கி வைத்து உயர்த்தினாலோ, டிராக் லிங்க் ஆயில் சம்ப்பின் (எஞ்சினுக்கு அடியில் உள்ள ஆயில் தொட்டி) முன்பகுதியில் முட்டுகிறது. டை ராடை ஆக்ஸிலுக்கு முன்னால் மாற்றிவிடலாமா, டிராக் லிங்க்கைச் சூடேற்றிச் சம்ப்பைச் சுற்றிப் போகும்படி வளைத்துவிடலாமா என்று யோசிக்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்ல வேண்டும்.

பட்டறைக்காரன்:

நண்பரே, நீங்கள் நினைத்திருக்கும் இரண்டு வழிகளும் வேண்டாம். டை ராடு பின்னால் இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. கிங் பின்னிலிருந்து (சக்கரம் இடவலமாகத் திரும்பும் அச்சாணி) ஸ்டீயரிங் ஆர்மில் (சக்கரத்தைத் திருப்பும் கை) டை ராடு மாட்டும் துளை வழியாகக் கோடு இழுத்தால், இருபுறக் கோடுகளும் ஏறத்தாழப் பின் ஆக்ஸிலின் நடுவில் சந்திக்க வேண்டும். அப்போதுதான் திருப்பத்தில் உட்பக்கச் சக்கரம் வெளிப்பக்கச் சக்கரத்தைவிட அதிகமாகத் திரும்பும். அதே ஆர்மை முன்னால் திருப்பிப் போட்டால் துளை கிங் பின்னுக்கு உட்புறமாகவே நிற்கும், கணக்கு தலைகீழாகிவிடும், ஒவ்வொரு திருப்பத்திலும் டயர் தரையில் தேய்ந்துகொண்டு போகும். சரியான கோணத்துக்குத் துளையை வெளிப்புறம் தள்ளலாம் என்றாலோ அங்கே பிரேக்கும் சக்கரமும் இடம் தராது.

உங்கள் சிக்கலின் வேர் இறக்கிய ஆக்ஸிலில் இருக்கிறது. சக்கரத்தின் உயரமும், அதனால் ஸ்டீயரிங் ஆர்மின் உயரமும் மாறவில்லை. பீமும் அதனோடு சேர்ந்த விஷ்போனும் மட்டும் நான்கு அங்குலம் கீழே வந்துவிட்டன. முன்பு விஷ்போனுக்கு அடியில் தாராளமாக ஓடிய டை ராடு இப்போது அதன் முகத்துக்கு நேரே வந்து நிற்கிறது. எனவே கீழ்நோக்கி இறங்கிய ஆர்ம்களே மருந்து. அக்காலத்தில் அசல் ஆர்ம்களைப் பழுக்கக் காய்ச்சி வளைத்து, நீரில் முக்காமல் தானாக ஆறவிட்டார்கள். இன்று போல்ட்டில் மாட்டும் இறக்கிய ஆர்ம்கள் கிடைக்கும்போது அந்த வேலைக்கு நான் போகமாட்டேன். வெட்டி வெல்டிங் வைப்பதையும், குரோம் பூசிய உறுப்பைச் சூடேற்றுவதையும் நினைக்கவே வேண்டாம்.

எவ்வளவு இறக்குவது என்பதற்கு ஓர் எல்லை உண்டு: டயர் முழுதாகக் காற்றிழந்து வண்டி ரிம் மீது நின்றாலும் டை ராடு தரையைத் தொடக் கூடாது. இரு ரிம்களின் அடிவிளிம்புக்கும் குறுக்கே ஒரு நூலைக் கட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

நெம்புகோல்:

டை ராடைப் பற்றி மேலே சொன்னது சரி. டிராக் லிங்க் விஷயத்தில் எனக்கு இன்னும் கடுமையான கருத்து உண்டு. நேரான குழாய் தள்ளுவிசையை நீளவாக்கில் தாங்கும். வளைந்த குழாயோ ஒவ்வொரு தள்ளலிலும் கொஞ்சம் ஸ்பிரிங் போல நெளியும். ஸ்டீயரிங் சக்கரத்தில் நீங்கள் கொடுக்கும் அசைவில் ஒரு பங்கு அந்த நெளிவிலேயே போய்விடும்; வளைவு ஆழமாக ஆக அது களைத்து முறியும் வாய்ப்பும் கூடும்.

மாற்ற வேண்டியது சம்ப். சாதாரண 302இல் சம்ப்பின் ஆழமான பகுதியான குழிவு முன்பக்கம் இருக்கிறது, குறுக்கு ஸ்டீயரிங்கின் டிராக் லிங்க்கும் அங்கேதான் ஓடுகிறது. 1955இல் வந்த சிறிய செவர்லே வி8 ஹாட் ராடுகளில் இவ்வளவு பரவியதற்கு விலையும் வேகமும் முதல் காரணங்கள் என்றாலும், பெரும்பாலான கார்களில் அதன் சம்ப் பின்பக்கம் குழிந்திருந்ததும் கட்டுபவர்களுக்கு வசதியாக இருந்தது. 302க்கும் பின்குழிவுச் சம்ப் கிடைக்கும். ஆனால் சம்ப்பை மட்டும் வாங்கினால் போதாது. ஆயில் பம்பின் உறிஞ்சுகுழாயையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும், ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கும் எஞ்சினின் முன்மூடியான டைமிங் கவரிலிருந்து இடம் மாறும். 1979 முதல் 1993 வரையிலான மஸ்டாங்கின் இரட்டைக் குழிவுச் சம்ப் மலிவாகக் கிடைக்கிறதே என்று அதை வாங்கிவிடாதீர்கள், அதிலும் முன்குழிவு இருக்கிறது.

நீங்கள் கேட்காத ஒன்று: பான்ஹார்டு ராடு (ஆக்ஸிலும் சேசிஸும் பக்கவாட்டில் விலகாமல் பிடிக்கும் குறுக்குத் தண்டு) போட்டிருக்கிறீர்களா? குறுக்கே கிடக்கும் ஸ்பிரிங் பட்டை ஷாக்கிள்களில் (ஆடும் இணைப்புகள்) தொங்குவதால், குறுக்கு ஸ்டீயரிங் தள்ளும்போது முதலில் சேசிஸ் பக்கவாட்டில் நகரும், பிறகே சக்கரம் திரும்பும். ராடின் சேசிஸ் முனை ஸ்டீயரிங் பெட்டி இருக்கும் பக்கத்திலும், ஆக்ஸில் முனை எதிர்ப்பக்கத்திலும் வர வேண்டும். நீளத்திலும் சாய்விலும் அது டிராக் லிங்க்கை எவ்வளவு ஒத்திருக்கிறதோ, பள்ளத்தில் இறங்கும்போது ஸ்டீயரிங் தானாகத் திரும்புவது அவ்வளவு குறையும்.

எட்டுசிலிண்டர்:

இருவருக்கும் நன்றி. பான்ஹார்டு ராடு இன்னும் போடவில்லை. உறுப்புகளை வாங்குவதற்கு முன் இடைவெளியை நம்பத்தகுந்த முறையில் அளப்பது எப்படி? ஜாக்கியால் உயர்த்தும்போது பட்டை வளைவதற்குள் வண்டியே எழும்பிவிடுகிறது.

மூன்றாம்கியர்:

பட்டையில் முதன்மைத் தகட்டை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைக் கழற்றிவிடுங்கள். சேசிஸை ஸ்டாண்டுகளில் நிறுத்திய பிறகு ஆக்ஸில் எளிதாக ஏறி இறங்கும். வண்டி ஓடும் நிலையின் உயரத்தைச் சட்டத்தில் குறித்துக்கொண்டு, அங்கிருந்து, ஆக்ஸில் மேலும் ஏறாமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பர் தொடும் வரை சிறிது சிறிதாக உயர்த்தி, ஒவ்வொரு நிலையிலும் ஸ்டீயரிங்கை இருபுறமும் முழுதாக ஒடித்துப் பாருங்கள். இரு பக்கமும் சமமாக ஏறும்போது இடிக்காதது ஒரு சக்கரம் மட்டும் ஏறும்போது இடிக்கலாம் என்பதால் அதையும் தனியாகச் சோதிக்க வேண்டும். எஞ்சின் ரப்பர் மவுன்ட்டில் அசையும் என்பதையும் கணக்கில் கொண்டு, மிக நெருங்கும் இடத்திலும் அரை அங்குலமாவது விடுவது என் வழக்கம். பிளந்த விஷ்போனில் ஒரு சக்கரம் ஏறும்போது ஆக்ஸிலே முறுகும். ஐ-பீம் அதைத் தாங்கும், குழாய் ஆக்ஸில் தாங்காது. அந்த வகையில் உங்கள் தேர்வு சரியானதே.

எல்லாம் பொருந்திய பிறகு காஸ்டர் கோணத்தை (கிங் பின்னின் மேல்முனை பின்னோக்கிச் சாயும் அளவு) மறுபடியும் அளந்துவிடுங்கள். விஷ்போனின் பின்முனை சிறிது ஏறினாலும் இறங்கினாலும் அது மாறிவிடும். ஐந்து முதல் ஏழு டிகிரிக்குள் இருந்தால் இந்த வண்டி நேராக ஓடும்.