பால்பேஷன்: தடவலா, பரிசமா, தொட்டறிதலா?

வணக்கம்.

செவிலியர் பாடத்தில் நெஞ்சு, மார்பகப் பரிசோதனைப் பகுதியைத் தமிழாக்குகிறோம். இன்ஸ்பெக்‌ஷன் பார்த்தறிதல், பெர்கஷன் தட்டியறிதல், ஆஸ்கல்டேஷன் கேட்டறிதல் என்று முடிவாகிவிட்டது. கையால் தொட்டுப் பரிசோதிக்கும் பால்பேஷனில்தான் நிற்கிறோம். வரைவில் ‘தடவிப் பார்த்தல்’, ‘பரிசம்’ இரண்டும் இருக்கின்றன. எதை வைப்பது?

* * *

> வரைவில் ‘தடவிப் பார்த்தல்’

முதலில் அதை எடுத்துவிடுங்கள். மேலாடை இல்லாமல் படுத்திருக்கும் பெண்ணிடம் எந்தச் செவிலியரும் அப்படிச் சொல்ல மாட்டார். கூச்சம் ஒருபுறம் இருக்கட்டும், சொல் செயலுக்கே பொருந்தவில்லை. தடவினால் விரல் தோல்மேல் வழுக்கிக்கொண்டு போகும். இங்கே தோலும் விரலும் சேர்ந்து அடித்திசுவின்மேல் சுழல வேண்டும்.

மார்பகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மல்லாந்த நிலை, பார்க்கும் பக்கத் தோளுக்கடியில் சிறு தலையணை, அந்தக் கை தலைக்கு மேலே. நடு மூன்று விரல்கள். நகநுனி அல்ல, சதைப்பற்றான உட்புறம். ஒரே இடத்தில் மூன்று சுற்று: தோலடிக்கு இலேசாக, நடுத்திசுவுக்கு மிதமாக, விலா தட்டுப்படும்வரை ஆழமாக. பிறகு விரலைத் தூக்காமல் அடுத்த இடம். காறை எலும்பு முதல் அடிமடிப்பு வரை, நெஞ்செலும்பு முதல் அக்குளின் நடுக்கோடு வரை, உழவுச்சால் போல மேலும் கீழுமாக வரிவரியாக. அக்குள் பக்கம் நீளும் வால்பகுதியை விட்டுவிடுவதுதான் வழக்கமான பிழை. புற்றுக்கட்டிகள் அதிகம் வருவதோ அதை ஒட்டிய மேல்வெளிக் கால்பகுதியில் (மார்பகத்தை நான்காகப் பிரித்தால் மேலே, வெளிப்பக்கம் உள்ள பங்கு). அடிமடிப்பில் குறுக்கே தட்டுப்படும் தடித்த வரப்பு பலருக்கு இயல்பானது. புதியவர்கள் அதைக் கட்டி என்று எழுதிவிடுவதுண்டு. இத்தனையில் ‘தடவல்’ எங்கே இருக்கிறது?

‘பரிசம்’ வேண்டாம். சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வில் ஸ்பரிசத்துக்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது: உடம்பின் சூடு, குளிர்ச்சி, வியர்வை பார்ப்பது. போதாக்குறைக்கு, பரிசம் போடுவது கல்யாணப் பேச்சு.

என் வாக்கு தொட்டறிதலுக்கு. மற்ற மூன்றோடும் வரிசையாக நிற்கும்.

* * *

‘தொட்டு’ என்பதில் அழுத்தம் வரவில்லையே? வார்டில் எல்லோரும் ‘அமுக்கிப் பார்த்தல்’ என்றுதான் சொல்கிறார்கள். இல்லையென்றால் ‘விரல் பரிசோதனை’?

* * *

‘விரல் பரிசோதனை’ என்றால் ஆசனவாய்ப் பரிசோதனை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

‘அமுக்கி’ வயிற்றுக்குச் சரி. நெஞ்சில் குரலதிர்வு பார்க்கும்போது என்ன செய்வீர்கள்? உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்க ஓரத்தை முதுகில் சும்மா வைத்து, நோயாளியை ‘ஒண்ணு ஒண்ணு ஒண்ணு’ என்று சொல்லச் சொல்கிறோம். இரண்டு பக்கத்தையும் ஒப்பிட வேண்டும். நிமோனியாவில் நுரையீரல் கெட்டிப்பட்ட இடத்தில் அதிர்வு கூடும். நுரையீரலைச் சுற்றி நீரோ காற்றோ சேர்ந்திருந்தால் குறையும். அங்கே போய் அமுக்கினால் அதிர்வே சரியாகத் தெரியாது. நெஞ்சு விரிவைப் பார்ப்பதும் அப்படித்தான்: பத்தாம் விலா மட்டத்தில் இரு கட்டைவிரலையும் முதுகெலும்பின் பக்கத்துக்கு ஒன்றாக வைத்து, மூச்சை இழுக்கும்போது எது பின்தங்குகிறது என்று கவனிக்கிறோம்.

ஆகவே பொதுப்பெயர் தொட்டறிதல். அழுத்தம் தேவைப்படும் இடத்தில் இலேசான, ஆழ்ந்த என்று அடைமொழி சேர்த்துக்கொள்ளலாம்.

* * *

ஏற்கிறேன். பாடத்தில் தொட்டறிதல், நோயாளியிடம் பேசும் வசனத்தில் ‘தொட்டுப் பார்க்கப் போறேம்மா, வலிச்சா சொல்லுங்க’.

இன்னொன்று. வரைவின் மாதிரிக் குறிப்பில் ‘மார்பில் கட்டி’ என்றிருக்கிறது. நெஞ்சுச் சுவரிலா, மார்பகத்திலா? தமிழில் ‘மார்பு’ இரண்டுக்கும் போகும். நூல் முழுக்க நெஞ்சு, மார்பகம் என்று பிரித்துவிட்டு, அந்த வரியை இப்படி மாற்றுகிறேன்: ‘இடது மார்பகம், 2 மணித் திசை, காம்பிலிருந்து 4 செ.மீ.; 1.5 செ.மீ. கட்டி, கெட்டி, நகர்கிறது, வலியில்லை.’