தூதர் பணி குறித்து வழிகாட்டுதல் வேண்டுகிறேன்

அனைவருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் இளங்கலை இறுதியாண்டு பயிலும் என் அண்ணன் மகள், இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்து தூதராக வேண்டும் என்று உறுதியாக இருக்கிறாள். குடிமைப் பணித் தேர்வில் வென்று, டெல்லியில் பயிற்சி பெற்று, மூன்றாம் செயலாளராக வெளிநாடு சென்று, ஓர் அயல்மொழியையும் கற்றுத் தேர வேண்டும் என்பதை அறிவாள். 1949-இல் இப்பணியில் சேர்ந்த கே. ஆர். நாராயணன், தாய்லாந்திலும் துருக்கியிலும் தூதராக இருந்துவிட்டு 1976-இல்தான் சீனாவுக்குச் சென்றார் என்று சொல்லிப் பார்த்தேன், அவள் அசையவில்லை. (கொழும்பில் இருப்பவரை மட்டும் ஏன் உயர் ஆணையர் என்கிறார்கள் என்று கேட்ட ஆச்சிக்கு, இலங்கை காமன்வெல்த் நாடு என்று விளக்கியவளும் அவளே.)

விருப்பப் பாடமாகத் தமிழ் இலக்கியத்தை எடுப்பது பொருந்துமா, அயல்மொழி ஒதுக்கீட்டில் அவரவர் விருப்பத்துக்கு எவ்வளவு இடமுண்டு என்பதை அனுபவமுள்ளவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன். திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடிப் பக்கம் தூதரகப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர் எவரேனும் ஒரு மணி நேரம் ஒதுக்கினால், அவளை நானே நேரில் அழைத்து வருகிறேன்.