உத்யம் பதிவை ரத்து செய்யச் சொல்கிறார் வியாபாரி, செய்யலாமா?

நகரி தறிக்காரன்

ஏகாம்பரகுப்பத்தில் எனக்கு எட்டுத் தறி. லுங்கி ஓட்டுகிறேன். குறு நிறுவனம் என்று மத்திய அரசின் உத்யம் தளத்தில் பதிந்திருக்கிறேன். சரக்கு எடுக்கும் மொத்த வியாபாரி போன வாரம் வீட்டுக்கே வந்து, "உத்யம் பதிவை ரத்து பண்ணிடு, இல்லைன்னா மார்ச்சில் உன் சரக்கைத் தொட மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

காரணம் வருமான வரிச் சட்டத்தில் 2023இல் சேர்த்த 43பி(எச்) பிரிவு. அப்படிப் பதிந்த குறு, சிறு உற்பத்தியாளரிடம் வாங்கிய சரக்குக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் கொடுத்துவிட வேண்டும். கெடு தாண்டிய பாக்கி மார்ச் 31இல் நின்றால், அதை அந்த வருடச் செலவாகக் காட்ட முடியாது. எப்போது கொடுக்கிறாரோ அந்த வருடத்தில்தான் கழிக்கலாம்.

இது வந்த முதல் வருடம், 2024 மார்ச் கடைசி வாரத்தில், நான் அனுப்பிய பன்னிரண்டு மூட்டையும் டெம்போவில் திரும்பி வந்தன. கோணி தைத்த சணல் கூட அறுபடவில்லை. நான் நீல மையில் போட்ட எண் அப்படியே இருந்தது. ஏப்ரலில் புது பில் போட்டு அதே மூட்டைகளை அனுப்பினேன். இரண்டு நடை வாடகையும் என் தலையில். ஓட்டுகிற ஆளுக்கு சனிக்கிழமை கூலி நிற்குமா? வெளியே வட்டிக்கு வாங்கிக் கொடுத்தேன்.

நம்மைக் காப்பாற்ற வந்த சட்டம் நம் சரக்கையே திருப்பி அனுப்புகிறது என்றால் பதிவு எதற்கு? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

புத்தூர் மொத்தக்கடை

தம்பி, உங்கள் வியாபாரி பேசியது கடுமைதான். ஆனால் அவர் பக்கமும் கேளுங்கள். நானும் அதே தொழில். பொங்கலுக்கு ஊர் ஊராகக் கடைகளுக்குச் சரக்கு போடுகிறேன். பணம் சித்திரையில் வந்தால் நல்ல கடை, ஆடி வரை இழுக்கிற கடையும் உண்டு. அந்தக் கடைக்காரனை எந்தச் சட்டம் கேட்கிறது? மொத்த, சில்லறை வியாபாரிகளையும் உத்யமில் சேர்த்தோம் என்று 2021 ஜூலையில் உத்தரவு போட்டார்கள். ஆனால் வங்கியில் முன்னுரிமைக் கடன் வாங்க மட்டும்தான் அது உதவும். பாக்கி வசூலில் எனக்குப் பாதுகாப்பு இல்லை. உங்களுக்கு நான் 45 நாளில் கொடுக்க வேண்டும், எனக்கு வருகிறபோது வரும். நடுவில் நிற்கிறவன் எங்கே போவான்?

பாக்கி 10 லட்சம் நின்றால் எங்கள் பார்ட்னர்ஷிப் கணக்கில் 30 சதவீத வரியும் செஸ்ஸும் சேர்த்து 3,12,000 ரூபாய் கூடுதலாகக் கட்ட வேண்டும். அடுத்த வருடம் கழியும், சரி. அதுவரை அந்தப் பணம் என் கையில் இல்லையே.

2025 ஏப்ரல் 1 முதல் வரம்பையும் ஏற்றிவிட்டார்கள். 25 கோடி முதலீடு, 100 கோடி விற்றுமுதல் வரை 'சிறு' நிறுவனமாம். என்னைவிடப் பத்து மடங்கு பெரிய நூல் மில்லும் இப்போது சிறியது. அவனுக்கும் நான் இதே கெடுவில் கொடுக்க வேண்டும்.

பொதட்டூர்பேட்டை தறிவீட்டுப் பெண்

அண்ணா, நூல் மில்லுக்கு நாள் கடந்து கொடுத்துப் பழக்கம் உண்டா? பணம் போகாமல் மூட்டை ஏறாது. மில்லுக்கு ஒரு வாரத்தில் போகிற பணம் தறிவீட்டுக்கு மட்டும் நான்கு மாதம் ஆவது ஏன்? கேட்டால் அடுத்த பாவு தர மாட்டார்கள் என்ற பயம்தான். அந்தப் பயத்தை வைத்துத்தான் இத்தனை வருடம் தொழில் நடந்தது.

எங்கள் வீட்டில் கூலி நெசவு. பாவும் ஊடை நூலும் அவர்கள் தருவார்கள், நாங்கள் ஓட்டிக் கொடுத்துக் கூலி வாங்குவோம். அப்பா ஒரு நோட்டில் பாக்கியை எழுதுவார். தீபாவளிக்குத் தீபாவளி ஒரு கோடு போட்டு மீதியை அடுத்த பக்கத்துக்கு எடுத்துப் போவார். அந்த மீதி எந்த வருடமும் பூஜ்யத்துக்கு வந்ததில்லை. 2024 மார்ச்சில்தான் முதல்முறையாக ஒரு பக்கம் சுத்தமாக முடிந்தது. யாரும் அன்பாகக் கொடுக்கவில்லை, ஆடிட்டர் சொன்னதால் கொடுத்தார்கள். எனக்கு அது போதும்.

நகரி அண்ணா, ரத்து செய்யாதீர்கள். நீங்கள் ரத்து செய்தால் அடுத்த வாரம் அதே வியாபாரி எங்கள் தெருவுக்கு வந்து, "நகரியில் செய்துவிட்டார்கள், நீங்களும் செய்யுங்கள்" என்பார்.

புத்தூர் மொத்தக்கடை

அம்மா, நான் யாரையும் ஏமாற்றி வைத்ததில்லை. என் கணக்கில் வசூல் ஆகாமல் நிற்கிற கடைகளே நாற்பதுக்கு மேல். பதிவில்லாத தறிக்காரரிடம் எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை என்றால் வியாபாரி அங்கேதான் போவான். நியாயம் என்று சொல்லவில்லை. நடப்பதைச் சொல்கிறேன்.

திருத்தணி கணக்கர்

இரண்டு பக்கமும் ஒரு விஷயத்தைத் தவறாகப் பிடித்திருக்கிறீர்கள். நான் ஜவுளிக் கணக்குகள்தான் பார்க்கிறேன்.

தேதியைக் கவனியுங்கள். மார்ச் 31இல் பாக்கி இருந்தாலே சிக்கல் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மார்ச் 31க்குள் கெடு முடிந்த பாக்கிதான் சிக்கல். கெடு ஏப்ரலில் முடிகிறது, அதற்குள் கொடுத்தும் விட்டார் என்றால் செலவு பழைய வருடத்திலேயே நிற்கும். நகரிக்காரர் மார்ச் கடைசி வாரத்தில் அனுப்பிய சரக்குக்கு, எழுத்து ஒப்பந்தம் இருந்திருந்தால் மே மாதம் வரை அவகாசம் உண்டு. அந்தப் பன்னிரண்டு மூட்டையும் திரும்பியிருக்கவே வேண்டாம். ஒரு தாள் இல்லாததால் கெடு 15 நாளாகச் சுருங்கியது, அதனால் வியாபாரி பயந்தார். ஒப்பந்தம் இருந்தால் பிப்ரவரி நடுவுக்கு முந்தைய பில்களை மார்ச்சுக்குள் தீர்த்தாலே போதும்.

ஆனால் தாளில் 90 நாள் என்று எழுதிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். 2006இன் குறு சிறு நடுத்தர நிறுவனச் சட்டத்தில் 45க்கு மேல் செல்லாது. தாமதமானால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதா மாதம் கூட்டு வட்டி. அந்த வட்டியையும் செலவாகக் காட்ட முடியாது.

இன்னொன்று. பிரிவு 44ஏடியில் உத்தேச லாபம் காட்டி வரி கட்டுகிறவர்களை 43பி(எச்) தொடாது. விற்றுமுதல் 2 கோடி வரை, ரொக்க வரவு 5 சதவீதத்துக்குள் என்றால் 3 கோடி வரை அந்த வழி உண்டு. உங்கள் வியாபாரி அந்த வகையா என்று முதலில் கேளுங்கள். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம், அதில் பிரிவு எண் வேறு, நிபந்தனை அதேதான்.

புத்தூர் மொத்தக்கடை

பிப்ரவரி நடுவுக்கு முந்தைய பில் என்றால் அது பொங்கல் சரக்குதானே? கடைக்காரன் இன்னும் கொடுக்காத பணம் அதுதான். கணக்கு சரி, என் நிலைமை அப்படியேதான் இருக்கிறது. எங்களையும் அந்தப் பாதுகாப்பில் சேர்த்தால் நான் கடைக்காரனிடம் கேட்பேன், தறிக்காரருக்கு நாளுக்குக் கொடுப்பேன். அதுவரை இந்தச் சட்டம் பாதிச் சட்டம். ஒன்று மட்டும் ஒப்புக்கொள்கிறேன், மார்ச்சில் மூட்டையைத் திருப்பி அனுப்புவது தப்பு.

பொதட்டூர்பேட்டை தறிவீட்டுப் பெண்

உங்களையும் சேர்க்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை அண்ணா. அதற்கு நாங்களும் கூட வருகிறோம். ஆனால் அது வரும் வரை எங்கள் கூலி காத்திருக்க வேண்டும் என்றால் ஒப்ப மாட்டேன்.

நகரி தறிக்காரன்

கணக்கர் ஐயா, ஒரு சந்தேகம். வாங்குகிறவர் கடை சென்னையில். ஆந்திராவில் இருக்கிற நான் எங்கே போய் முறையிடுவது?

திருத்தணி கணக்கர்

உங்கள் மாநிலத்திலேயே. குறு, சிறு நிறுவனங்களின் பாக்கி வழக்கை விசாரிக்க வசதி மன்றம் என்று ஒன்று உண்டு. சரக்கு கொடுத்தவர் இருக்கும் இடத்து மன்றம், இந்தியாவில் எங்கே இருக்கும் வாங்குபவரையும் விசாரிக்கலாம். அரசின் இணையத் தளத்தில் மனு போடலாம். உத்தரவை எதிர்த்து அவர் நீதிமன்றம் போனால் தொகையில் 75 சதவீதம் முதலில் கட்ட வேண்டும். மன்றம் 90 நாளில் முடிக்க வேண்டும் என்பது சட்டம், நடைமுறையில் கூடுதலாகும். அதனால் பில்லில் உத்யம் எண் போடுங்கள், சரக்கு இறங்கிய தேதிக்குக் கையெழுத்து வாங்குங்கள். புள்ளி விழுந்திருக்கிறது, அகலம் குறைகிறது என்று குறை சொல்வதானால் 15 நாளுக்குள் எழுத்தில் தரச் சொல்லுங்கள். வாயால் சொன்ன குறைக்குக் கெடு நகராது.

நகரி தறிக்காரன்

திங்கட்கிழமை அவர் வருகிறார். 45 நாள் என்று தாளை எழுதி, இரண்டு பிரதி எடுத்து வைத்துவிட்டேன். தறிக்கு வாங்கிய வங்கிக் கடனும் இந்தப் பதிவைக் காட்டித்தான் வந்தது. ரத்து செய்யப் போவதில்லை. சரக்கு எடுக்க மாட்டேன் என்றால் நான்கு தறியை மட்டும் ஓட்டிக்கொண்டு வேறு ஆள் பார்ப்பேன். என்ன சொன்னார் என்று வந்து எழுதுகிறேன்.