ரிட்டர்ன் சரக்கை லாட்டாக எடுத்து விற்கலாமா?

கேள்வி (கொழிஞ்சாம்பாறை, கேரளம்):
இணைய வணிக நிறுவனங்களுக்கு வாடிக்கையாளர்கள் திருப்பி அனுப்பும் மிக்ஸி, இண்டக்‌ஷன் அடுப்பு போன்றவற்றைக் கோயம்புத்தூர்க் குடோனில் லாட்டாக (மொத்தக் குவியலாக) எடுத்து, இங்கும் பொள்ளாச்சியிலும் விற்க எண்ணுகிறேன். எவற்றைக் கவனிக்க வேண்டும்?

பதில் (பொள்ளாச்சி):
பட்டியலில் உள்ள எம்.ஆர்.பி. தொகையைக் காட்டிக் கால் விலை என்பார்கள். அதில் வேலை செய்யும் சரக்கு எவ்வளவு என்பதே கணக்கு, ஐயா. பெட்டியைப் பிரித்து, மிக்ஸி ஜாரின் அடியில் மோட்டாருடன் இணையும் கப்ளர் தேய்ந்திருக்கிறதா, மூடி பொருந்துகிறதா, ஒயரில் கருகல் உண்டா என்று பாருங்கள். ஜார் இல்லாத மிக்ஸி பெரும்பாலும் உதிரிபாகத்துக்குத்தான் உதவும். பிரிக்க விடாத குடோனில் நான் வாங்குவதில்லை.

பதில் (பாலக்காடு):
பில் இல்லாத சரக்கைத் தொடாதீர்கள். எல்லையைக் கடக்கும் சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் (சரக்கை எடுத்துச் செல்ல ஜி.எஸ்.டி. தளத்தில் எடுக்கும் மின்னணுச் சீட்டு) வேண்டும். எல்லையிலுள்ள வாளையாரில் பழைய வணிகவரிச் சாவடி இல்லையே என்று இருந்துவிட வேண்டாம், வழியில் நிறுத்திக் கேட்பார்கள். கேரளத்திலிருந்து தமிழ்நாட்டுக்கு இத்தகைய பொருட்களை விற்பதானால், ஆண்டு விற்பனை 40 லட்சத்துக்குக் குறைவாக இருந்தாலும் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம், சிறு வணிகர்கள் விற்பனையில் குறிப்பிட்ட சதவீதத்தை வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் அதற்கு இடமில்லை.

கேள்வி கேட்டவர்:
அப்படியானால் முதலில் ஒரு சிறு லாட்டை எடுத்து இவ்வூரிலேயே விற்றுப் பார்க்கிறேன். வாரண்டி கேட்டால் என்ன சொல்வது?

பதில் (பொள்ளாச்சி):
கம்பெனி வாரண்டியைப் பெரும்பாலும் எதிர்பார்க்க முடியாது. அதையும் ரிட்டர்ன் சரக்கு என்பதையும் பில்லிலேயே எழுதிக் கொடுங்கள்.