பஞ்சவர்ணக்கிளி மண் தின்பது நஞ்சை முறிக்கவா, உப்புக்காகவா?

கேள்வி – வகுப்பறை

பெரு நாட்டுக் காட்டில் பஞ்சவர்ணக்கிளிகள் ஆற்றங்கரை மண்சரிவில் கூட்டமாகத் தொற்றிக்கொண்டு களிமண் தின்னும் படத்தைப் பார்த்திருப்பீர்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் அதைக் காட்டி, "காட்டு விதைகளில் நஞ்சு இருக்கும், அதை முறிக்கத்தான் மண் தின்கின்றன" என்று சொல்லிக்கொடுத்துவிட்டேன். மறுநாள் ஒரு மாணவி வந்து, "இல்லை டீச்சர், உப்புக்காகன்னு படிச்சேன்" என்றாள். திங்கட்கிழமை அவளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். இரண்டும் சரி என்று மழுப்ப மனம் வரவில்லை. களத்தில் வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால் விளக்குங்களேன்.

பதில் – கொல்பாக்காரன்

டீச்சர், உங்கள் மாணவி சொன்ன பக்கம்தான் இன்று சான்று கூடுதலாக இருக்கிறது. பெருவின் தம்போபாட்டா ஆற்றங்கரையில் ஒரு பருவம் முழுக்கக் களப்பணியாளனாக இருந்தேன். 1989 முதல் அங்கே பஞ்சவர்ணக்கிளி ஆய்வு நடக்கிறது. அந்த மண்சரிவுக்கு அங்குள்ளவர்கள் வைத்திருக்கும் பெயர் கொல்பா. கெச்சுவா மொழிச் சொல். நம் பேச்சில் உவர்மண். பெயரிலேயே உப்பு இருக்கிறது.

எங்களுக்கு அங்கே முக்கிய வேலை எண்ணுவதுதான். விடிவதற்கு முன்பே தொலைநோக்கியோடு போய் சரிவுக்கு எதிரே உட்கார்ந்துவிட வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, எந்த இனம், மண்ணில் எத்தனை என்று குறிக்க வேண்டும். முதலில் வருவது பச்சைக் கிளிகளும் நீலத்தலைக் கிளிகளும். வெயில் ஏறிய பிறகே பெரிய பஞ்சவர்ணக்கிளிகள். அவை எடுத்தவுடன் இறங்காது. மரக்கிளைகளில் நெடுநேரம் கத்திக்கொண்டே இருக்கும். ஒன்று துணிந்து இறங்கினால் மற்றவை பின்னாலேயே இறங்கும். மேலே ஒரு பருந்து தெரிந்தால் போதும், அத்தனையும் ஒரே அலறலாக எழும்பிவிடும். மழை நாளில் பெரும்பாலும் ஒன்றும் வராது. நனைந்துகொண்டே காலை முழுக்கச் சுழியம் சுழியமாக எழுதியிருக்கிறேன்.

தினமும் பார்த்தால் ஒன்று கண்ணில் படும். நமக்குச் சரிவு முழுக்க ஒரே மண்தான். ஆனால் கிளிகள் குறிப்பிட்ட ஓர் அடுக்கில்தான் வரிசையாகத் தொங்கும். ஒரு முழம் மேலோ கீழோ இருக்கும் மண்ணைச் சீண்டாது. டொனால்ட் பிரைட்ஸ்மித்தும் உடன் ஆய்வாளரும் தின்னும் மண்ணையும் தின்னாத மண்ணையும் எடுத்து ஒப்பிட்டு 2004-ல் வெளியிட்டார்கள். தின்னும் மண்ணில் சோடியம் அதிகம். நஞ்சைப் பிடித்துவைக்கும் திறனில் அது மற்ற மண்ணைவிட உயர்ந்ததாக இல்லை. நஞ்சுதான் காரணமென்றால் இது தலைகீழாக அல்லவா இருந்திருக்க வேண்டும்?

உப்பு ஏன் அங்கே அரிது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். காட்டுக்குச் சோடியம் பெரும்பாலும் மழையோடு கடலிலிருந்துதான் வருகிறது. பசிபிக் பக்கத்தில் இருந்தும் ஆண்டீஸ் மலை மறிக்கிறது. அட்லாண்டிக்கிலிருந்து கிளம்பும் மேகம் கண்டத்தையே கடந்து வர வேண்டும். வழியெல்லாம் பெய்து பெய்து, இங்கே வந்து சேரும்போது மழையில் உப்பு மிகக் குறைவாகவே இருக்கும். அதனால் கிளிக்கு மட்டுமல்ல, தாவரம் தின்னும் எல்லா உயிருக்கும் அங்கே உப்புப் பஞ்சம். கடற்கரையிலிருந்து உள்ளே போகப் போக எறும்புகள் உப்புநீரை அதிகம் நாடுகின்றன என்று மைக்கேல் காஸ்பரி குழு 2008-ல் காட்டியது. ஆற்றில் மரக்கட்டை மேல் வெயில் காயும் ஆமைகளின் கண்ணீரைப் பட்டாம்பூச்சிகள் மொய்த்துக் குடிப்பதை நானே பார்த்தேன். கொடியில் போட்ட வியர்வைச் சட்டையை எடுக்கப் போனால் மஞ்சளும் ஆரஞ்சுமாகப் பட்டாம்பூச்சிகள் உதிர்ந்து பறக்கும்.

பதில் – ஒற்றைச்சிறகு

நல்ல விளக்கம் அண்ணா. ஆனால் நஞ்சுக் கருத்தை இப்படி ஒரேயடியாகத் தள்ளலாமா? 1999-ல் கிலார்டி குழு அமேசான் கிளிகளுக்குக் குயினிடின் என்ற தாவர நஞ்சைக் கொடுத்துச் சோதித்ததே. மண்ணும் சேர்த்துக் கொடுத்தபோது இரத்தத்தில் அந்த நஞ்சு சுமார் 60 சதவீதம் குறைந்தது. டீச்சர் சொல்லிக்கொடுத்ததும் ஆதாரம் இல்லாத கதை இல்லை.

பதில் – கொல்பாக்காரன்

தம்பி, அந்தச் சோதனையை நான் மறுக்கவே இல்லை. மண் வயிற்றுக்குள் போனால் நஞ்சைப் பிடிக்கும் என்பதை அது காட்டுகிறது. அதற்காகத்தான் கிளி இத்தனை தூரம் பறந்து வருகிறதா என்பது வேறு கேள்வி. நஞ்சுள்ள விதைகளைத் தின்னும் கிளிகள் வெப்பமண்டலம் முழுக்க உண்டு. ஆனால் இப்படிக் கூட்டம் கூட்டமாக மண்சரிவுக்கு வருவது மேற்கு அமேசானில்தான் குவிந்து கிடக்கிறது. காலக்கணக்கும் பொருந்தவில்லை. நஞ்சுக்காக என்றால் பழம் குறைந்து, கிடைத்த காயைத் தின்னும் மாதங்களில் கூட்டம் ஏற வேண்டும். பல ஆண்டுக் கணக்கைச் சேர்த்துப் பார்த்தபோது கூட்டம் ஏறியது கூடுகட்டிக் குஞ்சு வளர்க்கும் மாதங்களில்தான். நாங்கள் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுதிய எண்கள் அதற்குத்தான் பயன்பட்டன.

பதில் – வகுப்பறை

இருவருக்கும் நன்றி. அப்படியானால் தின்னும் மண் குஞ்சுக்கும் போகிறதா? அந்த மாணவி அடுத்து இதைத்தான் கேட்பாள்.

பதில் – கொல்பாக்காரன்

போகிறது டீச்சர். கயிறு கட்டி மரமேறி, பொந்திலிருந்து குஞ்சை வாளியில் கீழே இறக்கி எடை பார்ப்போம். இறகு முளைக்காத குஞ்சின் கழுத்தடியில் தீனிப்பை பலூன் மாதிரி உப்பியிருக்கும். தோல் அவ்வளவு மெல்லிசு, உள்ளே இருப்பது நிழலாகத் தெரியும். அதிலிருந்து மெல்லிய குழாய் வழியாகக் கொஞ்சம் இரை எடுத்தபோது பக்கத்தில் விளக்குப் பிடித்துக்கொண்டு நின்றேன். அரைத்த விதைக்கூழ், மரப்பட்டைத் துணுக்கு, நடுவே செம்பழுப்பாகக் குழைந்த மண். காலையில் எதிர்க்கரையிலிருந்து பார்த்த அதே நிறம்.

உங்கள் மாணவி கேட்டால் இதையே சொல்லுங்கள். இன்னும் கேள்வி இருந்தால் இங்கேயே எழுதச் சொல்லுங்கள், தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.