விற்பதற்கு முன் அந்த ஸ்பூல் டேப்பை ஓட்டிக் கேளுங்கள்

பெரியவர்கள் விட்டுப்போன ஆடியோ சாமான்களை மொத்தமாக ஒரு விலைக்குக் கொடுத்துவிடலாமா என்று இங்கே சிலர் கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் அதில் ஸ்பூல் டேப் (கேசட்டுக்கு முன்னால் இருந்த, திறந்த சக்கரத்தில் சுற்றிய டேப்) இருந்தால், அதை ஓட்டிக் கேட்டு, கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டுக் கொடுங்கள். கடையில் வாங்கிய ரெக்கார்டு இன்னொருவர் வீட்டிலும் இருக்கும். வீட்டில் பதிவு செய்த டேப் உலகத்திலேயே அந்த ஒன்றுதான்.

எங்கள் ஐயா, அதாவது அப்பாவின் அப்பா, மலேயாவில் வேலை பார்த்துத் திரும்பியவர். காரைக்குடி வீட்டில் அவர் வைத்துவிட்டுப் போனது ஒரு பிலிப்ஸ் வால்வு ரேடியோ, கேரார்ட் சேஞ்சர் (ரெக்கார்டுகளைத் தானே மாற்றிப் போடும் கருவி) வைத்த ரேடியோகிராம் (ரேடியோவும் ரெக்கார்டு பிளேயரும் ஒன்றாக உள்ள பெட்டி), கிரண்டிக் ஸ்பூல் டேப் ரெக்கார்டர், டிரங்குப் பெட்டி நிறைய 78 ரெக்கார்டுகள் (நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய இசைத்தட்டுகள்), பாட்டுப் புத்தகங்கள். காரியம் முடிந்த கையோடு பழம்பொருள் வியாபாரி ஒருவர் வந்துவிட்டார். ரேடியோவுக்கும் ரேடியோகிராமுக்கும் விலை சொன்னார். டேப் ரெக்கார்டரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ரேடியோவின் உள்ளே இருப்பதைக் கழற்றிப் போட்டுவிட்டு, புளூடூத் ஸ்பீக்கர் வைத்து ஹோட்டல்காரர்களுக்குக் கொடுப்பார்களாம். எனக்கு மனசே வரவில்லை.

சித்தப்பாவுக்கு உடனே பிளக்கைச் சொருகிப் பார்க்க ஆசை. மெக்கானிக் அண்ணன் தடுத்துவிட்டார். வருஷக்கணக்கில் சும்மா கிடந்த வால்வு செட்டில் கன்டென்சர் (மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பாகம்) காய்ந்திருக்கும், நேராக 230 வோல்ட் கொடுத்தால் ஷார்ட் ஆகி டிரான்ஸ்ஃபார்மரையே எரித்துவிடலாம் என்றார். ஒரு 100 வாட் குண்டு பல்பை சீரிஸில் மாட்டிக் கரண்ட் கொடுத்தார். பல்பு பளிச்சென்று எரிந்து, அப்படியே மங்கியது. "ஷார்ட் இல்ல தம்பி, இருந்தா மங்காம எரிஞ்சுக்கிட்டே இருக்கும்" என்றார். அப்புறமும் பழைய கன்டென்சர்களை மாற்றிய பிறகுதான் முழு கரண்ட் கொடுத்தார். ஆஃப் செய்த பிறகும் உள்ளே 200, 300 வோல்ட் தேங்கி நிற்கலாம், அதனால் பின்மூடியைத் திறந்து நீங்களாகக் கை வைக்காதீர்கள்.

டேப் ரெக்கார்டரில் டேப்பை இழுக்கும் ரப்பர் ரோலர் கல்லாக இறுகிக் கிடந்தது. அதை மாற்றி, ஹெட்டை ஸ்பிரிட்டால் துடைத்து, ஐந்து பின் சாக்கெட்டுக்குத் தோதாக ஒரு ஒயர் செய்து லேப்டாப்பில் கோத்தோம். டேப் அங்கங்கே அறுந்தது. அதற்கென்றே விற்கும் ஒட்டுடேப்பால் ஒட்டினோம். செலோடேப் வேண்டாம், பசை கசிந்து அடுத்த சுற்றோடு ஒட்டிக்கொள்ளும்.

முதல் ஸ்பூலில் ரேடியோவிலிருந்து பிடித்த பாட்டுகள். இரண்டாவதில் அப்பத்தா தாலாட்டுப் பாடுகிறார். பாதியில் நிறுத்தி, "ஓடுதா, நின்னுபோச்சா?" என்கிறார். "நீ பாடு, நீ பாடு" என்று ஐயாவின் குரல். அப்பத்தா இறந்தபோது சித்தப்பா சின்னப் பிள்ளை, அம்மாவின் குரலே அவருக்கு நினைவில் இல்லை. அந்த ஸ்பூல் முடிகிறவரை ஹெட்ஃபோனைக் கழற்றவில்லை.

78 ரெக்கார்டு வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: அதை ஸ்பிரிட் தொட்டுத் துடைக்காதீர்கள். அது அரக்கு, கரைந்துவிடும். பின்னால் வந்த எல்.பி. ரெக்கார்டுகளுக்கான மெல்லிய ஊசியிலும் ஓட்டக் கூடாது, 78-இன் பள்ளம் அகலமானது.

பாட்டுப் புத்தகங்களை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்குக் கொடுத்தோம். காரைக்குடிக்குப் பக்கத்துக் கோட்டையூர்க்காரர் ஒருவரின் சேகரிப்பை வைத்து 1994-இல் சென்னையில் தொடங்கிய நூலகம் அது. எங்கள் பக்கத்துச் சாமான் அங்கே போவதுதான் சரி என்று பட்டது. ரேடியோகிராம் வியாபாரி சொன்னதைவிடக் கூடுதல் விலைக்கு, அதை ஓட்டிக் கேட்கிற ஒருவருக்கே போனது. ரேடியோ சித்தப்பாவிடம். டேப் ரெக்கார்டரை மட்டும் விற்பதாக இல்லை. விஷயம் தெரிந்து சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் வீட்டு ஸ்பூலை எடுத்துக்கொண்டு வருகிறார்கள்.