ஒரு நாள் பாஸ், ஒரு நாள் ஃபெயில்: பேக்கேஜ் கட்டும்போது பிடித்த டெஸ்ட் கோளாறுகள்

குடந்தைக்காரர்:

டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்துக்கு அறிவியல் மென்பொருளைப் பேக்கேஜாக, அதாவது நேரே நிறுவும் தொகுப்பாகக் கட்டுகிறவர்கள் நம் பக்கத்தில் சில பேர் இருக்கிறோம். மென்பொருள் சரியான விடை தருகிறதா என்று பார்க்கும் சிறு நிரல்தான் டெஸ்ட். விட்டு விட்டு ஃபெயில் ஆகும் டெஸ்டைப் பிடித்த கதையை ஆளுக்கொன்று எழுதலாமே. முதலில் என்னுடையது.

பைதான் மொழியில் எழுதிய ஒரு நூலகம், அதாவது மற்ற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு. வீட்டு லேப்டாப்பில் எத்தனை முறை ஓட்டினாலும் பச்சை. பேக்கேஜைக் கட்டி டெஸ்டை ஓட்டும் பில்டு சர்வர்களுக்கு அனுப்பினால் சில நாள் பாஸ், சில நாள் ஃபெயில். "மறுபடி ஓட்டு, சரியாகிவிடும்" என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நானும் நாலைந்து முறை அப்படியே செய்தேன். அது தப்பு. ஃபெயில் ஆன ஓட்டத்தின் லாக் (பதிவு) ஒவ்வொன்றும் ஒரு தடயம், அதைப் படிக்காமலே தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய லாக் 11-ஐயும் இறக்கி, ஒரு நோட்டில் கோடு போட்டு எழுதினேன்: தேதி, எந்த மெஷின், எத்தனை கோர், பாஸா ஃபெயிலா. எழுதி முடிக்கும்போதே தெரிந்துவிட்டது. ஃபெயில் ஆன நாலும் ஒரே மெஷின். அதன் பிராசஸர் மட்டும் பழையது.

அப்புறம் லாக்கில் அந்த வரியை நிதானமாகப் பார்த்தேன். எதிர்பார்த்தது 0.4082, வந்தது மைனஸ் 0.4082. இலக்கம் ஒன்றுகூட மாறவில்லை, குறி மட்டும் புரண்டிருந்தது. டெஸ்ட் சரிபார்த்தது ஐகன் வெக்டரை, அதாவது ஒரு அணியால் பெருக்கினாலும் திசைக்கோடு மாறாத வெக்டரை. அதை மைனஸ் ஒன்றால் பெருக்கினாலும் அது ஐகன் வெக்டர்தான், இரண்டும் சரியான விடை. எந்தக் குறியோடு வரும் என்பதைக் கணக்கின் நடுவே வரும் நுண்ணிய ரவுண்டிங் வித்தியாசம்கூட மாற்றிவிடும். அணிக் கணக்குகளைச் செய்யும் ஓப்பன்பிளாஸ் நூலகம், ஓடும் நேரத்தில் பிராசஸரைப் பார்த்துத்தான் எந்தக் கர்னலை (கணக்குப் போடும் உள் நிரல்துண்டை) எடுப்பது என்று முடிவு செய்கிறது. மெஷின் மாறினால் கூட்டும் வரிசை மாறும். இலக்கங்களை ஓர் அளவோடு வெட்டிவிடும் கம்ப்யூட்டரின் மிதவைப் புள்ளிக் கணக்கில் வரிசை மாறினால் விடையும் மாறும்: 1-க்குப் பின்னால் 16 சுழியம் போட்ட எண்ணோடு 1-ஐக் கூட்டி, அதே பெரிய எண்ணைக் கழித்தால் கம்ப்யூட்டர் சுழியம் என்கிறது. முதலில் கழித்துவிட்டு அப்புறம் 1-ஐக் கூட்டினால் 1 என்கிறது.

லேப்டாப்பில் பழைய பிராசஸரின் கர்னலையே எடுக்கும்படி ஓப்பன்பிளாஸைக் கட்டாயப்படுத்தினேன். உடனே ஃபெயில், ஒவ்வொரு முறையும் ஃபெயில். அன்றைக்கு எனக்கு வந்த நிம்மதி கொஞ்சநஞ்சமில்லை. சில பேர் இந்த இடத்தில் சகிப்பு எல்லையை (விடை எவ்வளவு விலகலாம் என்ற அளவை) தளர்த்துவார்கள், இல்லையென்றால் டெஸ்டையே தள்ளிவிடுவார்கள். குறி புரண்டதற்கு எல்லையை எவ்வளவு தளர்த்தினாலும் பிரயோஜனம் இல்லை. குறியை ஒதுக்கிவிட்டு ஒப்பிடும்படி பேட்ச் (திருத்தம்) எழுதி, நூலகத்தின் மூல ஆசிரியருக்கே அனுப்பினேன்.

மன்னார்குடியிலிருந்து:

என்னுடையது வேறு மாதிரி, அண்ணே. மும்முனை மின்சாரம் ராத்திரியில் வரும் வாரங்களில் வயலுக்கு மோட்டார் போட எழுந்திருப்பேன். எழுந்ததோடு கொஞ்சம் பேக்கேஜ் வேலையும் பார்ப்பேன். மோட்டார் ஓடும் ராத்திரிகளில் மட்டும் ஒரு டெஸ்ட் ஃபெயில் ஆகும். வோல்டேஜ்தான் காரணம் என்று சத்தியம் செய்யவே தயாராக இருந்தேன், ஸ்டெபிலைசர்கூட வாங்கினேன்.

ஒரு நாள் காலை ஐந்தரை தாண்டியும் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. டெஸ்ட் பாஸ். அப்போதுதான் பொறி தட்டியது. நிரல், தான் எழுதும் கோப்புக்கு உலகப் பொது நேரப்படி தேதி வைக்கிறது, டெஸ்டோ உள்ளூர்த் தேதியைத் தேடுகிறது. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். ஆகவே நள்ளிரவு 12 முதல் 5.30 வரை அங்கே நேற்று, இங்கே இன்று. ஃபேக்டைம் என்ற கருவியால் பட்டப்பகலில் கடிகாரத்தை ராத்திரி 2 மணி என்று நம்பவைத்து ஓட்டினேன், அப்படியே ஃபெயில் ஆனது.

திருத்துறைப்பூண்டி தம்பி:

எனக்கு முறைப்பாசனம் போல ஒரு சிக்கல். ஒரு வாய்க்காலில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் மடையைத் திறந்தால் என்ன ஆகும்? டெஸ்டுகளை நாலு நாலாக இணையாக ஓட்டுகிறேன். அதில் இரண்டு டெஸ்ட் ஒரே பெயரில் தற்காலிகக் கோப்பு எழுதுகின்றன. ஒன்று முடித்து அழிக்கும்போது மற்றது படித்துக்கொண்டிருக்கும். முன்பு 20-க்கு ஒன்று என்ற கணக்கில் ஃபெயில் ஆகும். இப்போது தனித்தனி அடைவு (ஃபோல்டர்) கொடுத்து 20 முறை ஓட்டிப் பார்த்தேன், எல்லாம் பாஸ். அனுப்பிவிடலாமா அண்ணே?

குடந்தைக்காரர்:

பொறு தம்பி. 20-க்கு ஒன்று என்றால், நீ ஒன்றுமே சரி செய்யாமல் இருந்தாலும் 20 முறையும் பாஸ் ஆக 36 சதவீதம் வாய்ப்பு உண்டு. 0.95-ஐ 20 முறை பெருக்கிப் பார். 60 முறை ஓட்டு, அப்போதுதான் அது 5 சதவீதத்துக்குக் கீழே இறங்கும். லாக் எல்லாவற்றையும் சேமித்து வை.

திருத்துறைப்பூண்டி தம்பி:

ராத்திரி முழுக்க ஓடவிட்டுத் தூங்கினேன். 47-வது முறையில் சிவப்பு. மோதுகிற கோப்பு ஒன்று மட்டும் இல்லை அண்ணே, இரண்டு. படம் வரையும் பகுதி எழுத்துரு கேஷை (எழுத்துரு விவரங்களைச் சேர்த்து வைக்கும் கோப்பை) பயனரின் வீட்டு அடைவில் எல்லா டெஸ்டுக்கும் பொதுவாக வைத்திருக்கிறது. அதையும் பிரித்துவிட்டு மறுபடி 60-ஐ ஆரம்பித்திருக்கிறேன், இப்போது 31-ல் ஓடுகிறது.